சந்திரகிரியின் கடைசி அரசர்கள் – 12: தொழுகை உரையில் மாறிய பெயர்

சென்ற வாரம் காவிரிக்கரையில் நிறுத்தியிருந்தோம். 1614 அக்டோபரில் வெங்கடபதி தேவராயர் இறந்தார். வாரிசாக அவர் கைகாட்டிய அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை, கொப்பூரி ஜக்கராயன் குடும்பத்தோடு சிறைவைத்து அழித்தான். ஒரு சலவைத் தொழிலாளி துணிமூட்டைக்குள் மறைத்து வெளியே கொண்டுவந்த சிறுவன் ராமதேவனை முன்னிறுத்தி வேலுகோட்டி யாசம நாயக்கர் போர் தொடுத்தார். கல்லணைக்கு அருகே தோப்பூரில் தஞ்சை ரகுநாத நாயக்கரின் துணையோடு ஜக்கராயன் வீழ்ந்தான். இந்தக் கொடூரத்தின் பெரும்பகுதியை 1616-இல் எழுதிய கடிதத்தில் நமக்கு விட்டுச்சென்றவர் போர்ச்சுகீசியப் பாதிரியார் மனுவேல் பர்ராதாஸ். ராமதேவர் 1632 வரை ஆண்டார். அவருக்குப் பின் மூன்றாம் வெங்கடர் வந்தார்.

அதன்பின் பதினான்கே ஆண்டுகள். 1646-இல் சந்திரகிரிக் கோட்டை கோல்கொண்டாவின் கைக்குப் போய்விட்டது.

இந்த வாரக் கேள்வி அதுதான். ஏன் 1646? உள்நாட்டுப் போரில் இரத்தம் வடிந்துகொண்டிருந்த 1616-இல் விழாத கோட்டை, அரியணையில் ஓர் அரசர் அமர்ந்திருந்த காலத்தில் ஏன் விழுந்தது?

*

வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் மூன்று. முதலாவது, 1565 ஜனவரியில் தலைக்கோட்டையில் ராமராயரின் தலை விழுந்தபோதே விஜயநகரப் பேரரசு முடிந்துவிட்டது, பெனுகொண்டாவும் சந்திரகிரியும் அதன் நிழல்கள் மட்டுமே என்பது. இரண்டாவது, அரண்மனைக்குள் நடந்த பங்காளிச் சண்டை. மூன்றாவது, நம் பாடப்புத்தகங்களுக்கு மிகவும் பிடித்தது: மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்களின் துரோகம். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் சேர்ந்தாலும் 1646-க்கு முந்தைய பத்தாண்டின் வேகத்தை விளக்கவில்லை. தலைக்கோட்டைக்குப் பிறகு எழுபது ஆண்டுகள் கோல்கொண்டாவின் படை தெற்கே அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தது. 1579 வாக்கில் அகோபிலத்தைச் சூறையாடியது, கொண்டவீட்டைப் பிடித்தது. அதற்கடுத்த பத்தாண்டில் தலைநகராயிருந்த பெனுகொண்டாவையே முற்றுகையிட்டது. ஆனால் கைவிட்டுத் திரும்பியது. வெங்கடபதி இழந்த இடங்களில் பலவற்றை மீட்டார். தலைநகரைச் சந்திரகிரிக்கும் பின்னர் வேலூருக்கும் கொண்டுவந்தார். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்கு இடம் கொடுத்தார். நிழல் இவ்வளவு காரியம் செய்யாது. அப்படியிருக்க, எழுபது ஆண்டுகள் அதிகம் நகராத எல்லை 1637 தொடங்கிப் பத்து ஆண்டுகளில் திருப்பதி மலையடிவாரம்வரை சரிந்ததென்றால், இடையில் ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும்.

மாறியது சந்திரகிரியில் அல்ல என்பதே என் வாதம். 1636-ஆம் ஆண்டு கோல்கொண்டாவின் பள்ளிவாசலில், வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில், ஒரு பெயர் மாறியது. அந்தப் பெயருக்கு உரியவர் இஸ்பஹானில் இருந்தார். பாரசீகப் பேரரசின் ஏற்ற இறக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் சந்திரகிரியின் முடிவைப் புரிந்துகொள்ள முடியாது. ஆகவே இந்த வாரம் சுவர்ணமுகி ஆற்றங்கரையை விட்டு வெகுதூரம் போய்வர வேண்டியிருக்கிறது.

*

1501-இல் தப்ரீஸ் நகரில் இஸ்மாயில் என்ற பதின்ம வயது இளைஞர் தன்னை ஷா என்று அறிவித்துக்கொண்டு, ஷியா மார்க்கத்தைத் தன் நாட்டின் சமயமாக்கினார். சஃபவி அரசு பிறந்தது இப்படித்தான். கிருஷ்ணதேவராயர் முடிசூடுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. அதே தலைமுறையில், ஹமதான் பக்கத்துத் துருக்மான் குலத்தில் பிறந்து தக்காணத்துக்கு வந்த சுல்தான் குலி கோல்கொண்டாவில் வேர்விட்டார். அவர் நிறுவிய குதுப் ஷாஹி மரபும் ஷியா மரபே. தொழுகை உரையில் பன்னிரண்டு இமாம்களின் பெயரோடு பாரசீக ஷாவின் பெயரும் சொல்லப்பட்டது. யார் பெயர் அந்த உரையில் ஒலிக்கிறதோ அவரே மேலரசர் என்பது அக்கால அரசியல் இலக்கணம். ஆக, கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் நடுவில் இருந்த ஒரு சுல்தான், தன்னைப் பாரசீகத்தின் நிழலில் இருப்பவராக ஒவ்வொரு வாரமும் அறிவித்துக்கொண்டிருந்தார்.

இதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. மசூலிப்பட்டணத்திலிருந்து பாரசீக வளைகுடாவுக்குக் கப்பல்கள் போயின. துணி போனது, குதிரையும் மனிதர்களும் வந்தார்கள். அரசாங்கத்தின் உயர்பதவிகளில் பாரசீகர்கள் அமர்ந்தார்கள். ஐதராபாத் நகரம் உருவான காலத்தில் முதன்மை அமைச்சராக இருந்த மீர் முமின், அஸ்தராபாத்திலிருந்து வந்தவர். 1603-இல் ஷா அப்பாஸின் தூதர் கோல்கொண்டாவுக்கு வந்து, ஆறு ஆண்டுகள் தங்கியிருந்தே திரும்பினார். தூதர் ஒருவர் அத்தனை ஆண்டுகள் ஓர் அரசவையில் இருக்கிறார் என்றால் அங்கே பேச விஷயம் இருந்திருக்கிறது.

விஷயம் முகலாயர்தான். வடக்கே விரிந்துகொண்டிருந்த முகலாய அரசு தக்காணத்தை விழுங்கப் பார்த்தது. அதைத் தடுக்க கோல்கொண்டாவிடம் இருந்த படை போதாது. ஆனால் ஷா அப்பாஸ் என்ற பெயர் இருந்தது. முகலாயருக்கும் பாரசீகருக்கும் நடுவே காந்தகார் கோட்டை ஒரு தீராத வழக்கு. தெற்கே முழுப்பலத்தோடு இறங்கினால் வடமேற்கில் காந்தகார் போய்விடும் என்ற கவலை ஆக்ராவுக்கு எப்போதும் உண்டு. அது வீண் கவலையும் அல்ல. 1622-இல் ஷா அப்பாஸ் காந்தகாரைப் பிடித்தே காட்டினார். தக்காண அரசர்களை விட்டுவிடும்படி ஜஹாங்கீருக்கு அவர் பரிந்துரைத்து எழுதியும் இருக்கிறார்.

ஷா ஒரு சிப்பாயைக்கூடத் தக்காணத்துக்கு அனுப்பியதில்லையே, அவர் பெயரால் என்ன பாதுகாப்பு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் இது: அவர் படை அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. காந்தகார் எல்லையில் அவர் வலுவாக இருப்பது ஒன்றே போதும். முகலாயப் படையின் ஒரு பகுதி எப்போதும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். தக்காணத்தில் மாலிக் அம்பர் என்ற அபிசீனியத் தளபதி முகலாயரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திணறடித்தார் என்றால், அவருடைய திறமைக்கு அடுத்தபடியாக இந்தப் பிளவுபட்ட கவனத்துக்கும் அதில் பங்குண்டு.

*

இனி 1629-லிருந்து நடந்ததைக் கவனியுங்கள்.

அந்த ஆண்டு ஜனவரியில் ஷா அப்பாஸ் இறந்தார். சொந்த மகன்களில் ஒருவரைக் கொன்று, மற்றவர்களின் கண்களைப் பறித்திருந்த அவருக்குப் பின் பேரன் ஷா சஃபி அரியணை ஏறினார். நாற்பது ஆண்டுகளாக ஒரே மனிதரின் மூளையை நம்பி நடந்த அரசு தடுமாறியது. துருக்கிச் சுல்தான் நான்காம் முராத் 1635-இல் ஏரவானைப் பிடித்தார். பாரசீகர் அதை மீட்டாலும் 1638-இல் பாக்தாதை நிரந்தரமாக இழந்தார்கள். அதே 1638-இல் காந்தகாரின் பாரசீக ஆளுநர் அலி மர்தான் கான், சொந்த ஷாவுக்குப் பயந்து, கோட்டையை முகலாயரிடம் ஒப்படைத்துவிட்டு இந்தியாவுக்கே வந்துவிட்டார். இஸ்பஹானின் கை தன் வாசலைக் காப்பதற்கே போதாமல் போன காலம் அது.

இந்தப் பக்கம் மாலிக் அம்பர் 1626-இல் இறந்துவிட்டார். 1633-இல் அவர் காத்த அகமதுநகர் அரசின் தௌலதாபாத் முகலாயரிடம் விழுந்தது. 1636 தொடக்கத்தில் ஷாஜகான் தாமே பெரும்படையோடு தௌலதாபாத்துக்கு வந்து நின்றார். வடமேற்கைப் பற்றிய கவலை குறைந்திருந்த ஒரு முகலாயப் பேரரசர், தக்காணத்தின் வாசலில், நேரில். கோல்கொண்டாவில் அப்துல்லா குதுப் ஷா. வயது இருபத்திரண்டு வாக்கில்.

அவர் போரிடவில்லை. பணிவுப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். தொழுகை உரையிலிருந்து பன்னிரண்டு இமாம்களின் பெயர்கள் நீங்கி நான்கு கலீபாக்களின் பெயர்கள் வந்தன. பாரசீக ஷாவின் பெயர் இருந்த இடத்தில் ஷாஜகானின் பெயர் ஏறியது. நாணயமும் முகலாயர் பெயரில் அடிக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் இரண்டு லட்சம் வராகன் கப்பம் கட்ட வேண்டும். பீஜப்பூரும் அதே ஆண்டு இருபது லட்சம் ரூபாய்க்கு உடன்பட்டுச் சமாதானம் செய்துகொண்டது. அகமதுநகர் அரசின் எச்சத்தில் ஒரு பங்கையும் பெற்றது.

இந்தப் பத்திரம்தான் சந்திரகிரியின் மரண சாசனம். அதில் சந்திரகிரி என்ற பெயரே இல்லை என்பது இதை மாற்றாது.

*

ஏன் என்று சொல்கிறேன். 1636 ஒப்பந்தம் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்தது. கோல்கொண்டாவுக்கும் பீஜப்பூருக்கும் வடக்கு எல்லையில் முகலாயரிடமிருந்து அமைதி கிடைத்தது. அதுவரை அங்கே கட்டுண்டிருந்த படைகள் விடுபட்டன. அதேசமயம் வடக்கே விரிவடையும் வழி நிரந்தரமாக அடைபட்டது. படை இருக்கிறது, செலவு இருக்கிறது, கப்பம் இருக்கிறது. போக ஒரே திசை தெற்கு. பீஜப்பூர் அதிகநாள் காத்திருக்கவில்லை. 1637-இல் ரணதுல்லா கான் இக்கேரிமேல் பாய்ந்தார். 1638-இல் பெங்களூர் விழுந்தது, ஷாஜி போன்ஸ்லே அங்கே அமர்த்தப்பட்டார். 1642-இல் கோல்கொண்டாவின் படை கிழக்குக் கடற்கரை வழியாக இறங்கியது. இந்தத் தேதிகளின் வரிசையைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கப்பத்தை எதில் கட்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். குதுப் ஷாஹிகள் தங்கள் பெயரில் பெரும்பாலும் செப்புக்காசுகளையே வெளியிட்டார்கள். அவர்கள் நாட்டில் பெரிய கணக்குகளுக்குப் புழங்கிய பொன், விஜயநகர வழிவந்த வராகன். அந்த வராகன்களில் ஒருவகை சந்திரகிரியின் வெங்கடபதி வெளியிட்டது: ஒருபுறம் திருவாசிக்குள் நிற்கும் திருமால், மறுபுறம் வேங்கடேசுவரனுக்கு வணக்கம் சொல்லும் நாகரி எழுத்து. முகலாயர் கணக்கு வைத்ததோ வெள்ளி ரூபாயில். ஒப்பந்தக் காலத்தில் ஒரு வராகன் நான்கு ரூபாய் என்று கணக்கிட்டு எட்டு லட்சம் ரூபாயாகக் கட்டினார்கள். பின்னர் வராகன் நாலரை ரூபாயாகி, ஐந்து ரூபாய்வரை உயர்ந்தது. பழைய விலைக்கே கட்டிக்கொண்டிருந்த கோல்கொண்டாவிடம், வித்தியாசத் தொகை இருபது லட்சத்தை எடுத்துவை என்று பின்னாளில் தக்காண ஆளுநராக இருந்த ஔரங்கசீப் நெருக்கினார். பொன்னின் விலை ஏற ஏறப் பொன் விளையும் பூமியின்மேல் ஆசை கூடும். பொன்னும் நெசவும் துறைமுகங்களும் கோயில் செல்வமும் இருந்த நிலம் பெண்ணாற்றுக்குத் தெற்கே கிடந்தது. அந்த நிலத்தின் வடக்கு வாசல் உதயகிரி, நடுவீடு சந்திரகிரி.

*

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு, நான் முன்பே சொன்ன உள்நாட்டுப் போர். 1614-லேயே சந்திரகிரியை ஆண்ட ஆரவீடு மரபு உள்ளிருந்து அழிந்துவிட்டது. வெளியிலிருந்து யார் வந்திருந்தாலும் விழுந்திருக்கும் என்பார்கள். அப்படியானால் 1614-க்கும் 1617-க்கும் இடையில் ஏன் யாரும் வரவில்லை? அரசன் இல்லை, அரசவம்சமே ஒரு சிறுவனாகச் சுருங்கிவிட்டது, தென்னாட்டு நாயக்கர்கள் எல்லோரும் இரு கட்சியாகப் பிரிந்து காவிரிக்கரையில் மோதிக்கொண்டிருந்தார்கள். வேலூருக்கும் சந்திரகிரிக்கும் காவல் என்று சொல்லத்தக்க படை வடக்கே கிடையாது. கோல்கொண்டாவும் பீஜப்பூரும் கனவு கண்டிருக்கக்கூடிய தருணம் அது. ஆனால் அவர்கள் அப்போது மாலிக் அம்பரின் போர்களில், முகலாயருக்கு எதிராகவும் சிலசமயம் அம்பருக்கே எதிராகவும், மூழ்கியிருந்தார்கள். பீஜப்பூர் அதற்குச் சில ஆண்டுகள் கழித்துக் கர்நூல் பக்கம் கொஞ்சம் முன்னேறியது, அவ்வளவே. சந்திரகிரியின் பலவீனம் 1616-இல் உச்சத்தில் இருந்தது. அது விழுந்தது 1646-இல். பலவீனம் வீழ்ச்சியைச் சாத்தியமாக்கியது என்று ஒப்புக்கொள்கிறேன். அதை நிகழ்த்தியது வடக்கே நடந்த மாற்றம்.

அடுத்தது நாயக்கர் துரோகம். மதுரைத் திருமலை நாயக்கர் தன் பேரரசருக்கு எதிராகக் கோல்கொண்டாவைத் தூண்டினார் என்பது மறுக்க முடியாத செய்தி. அதன் பலனை அவரே பின்னால் அனுபவித்தார். இருந்தாலும் வரிசையைத் தலைகீழாக்கக் கூடாது. நாயக்கர்கள் அழைத்ததால் படை வரவில்லை. படை பெண்ணாற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தபோது நாயக்கர்கள் கணக்குப் போட்டார்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளியாரை வீட்டுக்குள் கூட்டிவந்த பழி நாயக்கர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1638-இல் மூன்றாம் வெங்கடருக்கு எதிராகப் பீஜப்பூர்ப் படையைத் துணைக்கு அழைத்தவர் அவருடைய சொந்தச் சகோதரர் மகன், பின்னாளில் கடைசிப் பேரரசரான மூன்றாம் ஸ்ரீரங்கரே. நெருக்கடியில் அவரவரும் அருகிலிருந்த வலியவரின் கதவைத் தட்டினார்கள். அப்துல்லா ஷாஜகானிடம் பணிந்ததும் திருமலை நாயக்கர் கோல்கொண்டாவை நாடியதும் ஒரே வகை அரசியல். ஒன்றை ராஜதந்திரம் என்றும் மற்றொன்றைத் துரோகம் என்றும் எழுதுவது நியாயமாகாது.

*

1642 ஏப்ரலில் தெற்கே புறப்பட்ட கோல்கொண்டா படையின் தலைவரைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இது. அவர் பெயர் மீர் முகம்மது சையித். இஸ்பஹானுக்கு அருகில் அர்திஸ்தான் என்ற ஊரில் ஓர் எண்ணெய் வணிகரின் மகன். வைர வணிகர் ஒருவரிடம் கணக்கு எழுதுபவராகக் கோல்கொண்டாவுக்கு வந்தார். வைரச் சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்தார், சொந்தக் கப்பல்களை மசூலிப்பட்டணத்திலிருந்து பாரசீகத்துக்கும் பிற துறைகளுக்கும் ஓட்டினார், அரசாங்கப் பதவிகளில் ஏறினார். வரலாறு அவரை மீர் ஜும்லா என்ற பதவிப் பெயராலேயே நினைவில் வைத்திருக்கிறது. பாரசீகப் பேரரசு கோல்கொண்டாவுக்குத் தன் பெயரைக் கொடுத்துக் காத்த காலம் போய்விட்டது. ஆனால் அது அனுப்பிய மனிதர்கள் அங்கேயே இருந்தார்கள். ஷாவின் பெயர் நீங்கிய பிறகு, ஷாவின் நாட்டில் பிறந்த ஒருவரே கோல்கொண்டாவின் புதிய திசையைத் தீர்மானித்தார்.

எதிர்ப்பக்கம் நிலைமை எப்படி? 1642 அக்டோபரில் மூன்றாம் வெங்கடர் இறந்தார். பிரபுக்கள் கைவிட, இன்றைய சித்தூர் வட்டாரக் காடுகளில் ஒதுங்கியிருந்த நிலையில் வந்த முடிவு அது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1639 ஆகஸ்டில், அவருடைய பிரதானி தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் கடற்கரையில் ஒரு மணல்திட்டை ஆங்கிலேயக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். சென்னைப் பட்டணம் அப்படி முளைத்தது. அடுத்து அரியணை ஏறிய ஸ்ரீரங்கர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அந்தத் தாமர்ல நாயக்கரையே கைது செய்தது. கோல்கொண்டாவோடு ரகசியத் தொடர்பு என்பது குற்றச்சாட்டு. நாயக்கரின் சகோதரர் அய்யப்பர் பூந்தமல்லியிலிருந்து எதிர்த்தார்.

ஸ்ரீரங்கரைப் பலவீனமான அரசர் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அவர் செயல்கள் அப்படிச் சொல்லவில்லை. படையெடுப்பு தொடங்கிய முதல் சில ஆண்டுகள் அவர் அலைந்து அலைந்து போரிட்டார். தாமர்ல நாயக்கர் வகித்த கடற்கரை நிர்வாகத்தை, கம்பெனிக் கடிதங்களில் மல்லய்யா என்று வரும் பெருவணிகரிடம் கொடுத்தார். பழவேற்காட்டு டச்சுக்காரர்களோடு பெரும் வியாபாரம் நடத்தியவர் அவர். போருக்குப் பணம் வேண்டும், பணம் வணிகர்களிடம் இருந்தது, ஆகவே நிர்வாகம் வணிகரிடம் போனது. அந்த முடிவின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. மீர் ஜும்லாவும் வணிகரே. ஆனால் அவருக்குப் பின்னால் வைரச் சுரங்கமும் சொந்தக் கப்பல்களும் நிலையான ஒரு படையும் இருந்தன. ஐரோப்பியப் பீரங்கிக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தும் வசதி இருந்தது. ஸ்ரீரங்கரின் வணிகருக்கோ காப்பாற்றிக்கொள்ள வேண்டிய சரக்கு இருந்தது.

1645-இல் மதுரை, தஞ்சை, செஞ்சி மூவரும் பேரரசருக்கு எதிராக நின்றார்கள். வடக்கே மீர் ஜும்லா, தெற்கே நாயக்கர்கள், மேற்கே பீஜப்பூர். அந்த நெருக்கடியின் நடுவிலும் வேலூரில் ஆங்கிலேயரைச் சந்தித்து, சென்னைக்கான உரிமையைத் தன் பெயரில் உறுதிசெய்து ஒரு சாசனம் கொடுத்தார் ஸ்ரீரங்கர். அரசாட்சி இன்னும் நடக்கிறது என்று காட்டுவதற்கு அவரிடம் மிஞ்சியிருந்த வழிகளில் அதுவும் ஒன்று.

1646 தொடக்கத்தில் உதயகிரி போனது. சண்டையில் அல்ல. கோட்டைக்குப் பொறுப்பாயிருந்த மல்லய்யா, தானும் தன்னோடு இருந்தவர்களும் பத்திரமாக வெளியேறலாம் என்ற உடன்பாட்டின்பேரில் அதை மீர் ஜும்லாவிடம் ஒப்படைத்தார். நாட்டின் மிக வலிய கோட்டை என்று சென்னை ஆங்கிலேயர் கருதியது அது.

வாசல் திறந்துவிட்டது. அதே ஆண்டு சந்திரகிரி.

*

அந்த ஆண்டில் ஏற்பட்ட ஓர் உடன்பாடு என் வாதத்துக்குக் கடைசிச் சான்று. கர்நாடகம் என்று அவர்கள் அழைத்த இந்த நிலத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று பீஜப்பூரும் கோல்கொண்டாவும் பேசி முடித்தன: பீஜப்பூருக்கு இரண்டு பங்கு, கோல்கொண்டாவுக்கு ஒரு பங்கு. இந்தப் பிரிவினைக்கு மேலிருந்த அதிகாரம் ஷாஜகான். 1636-இல் பணிந்த இருவரும், பணிந்ததற்குக் கிடைத்த கூலியை 1646-இல் பங்கிட்டுக்கொண்டார்கள். 1647-க்குள் வேலூரும் பணிந்தது. அதே 1647-இல் ஆங்கிலேயர் தங்கள் சென்னை உரிமையை மீர் ஜும்லாவிடம் உறுதிசெய்து வாங்கிக்கொண்டார்கள். ஸ்ரீரங்கரின் சாசனம் எழுதப்பட்டு இரண்டே ஆண்டுகள்.

இதைச் சமயப் போர் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வைக்கும் சான்றுகளை ஒதுக்கிவிட முடியாது: அகோபிலம் சூறையாடப்பட்டது, கண்டிகோட்டையில் கோயில் செப்புத்திருமேனிகளை உருக்கிப் பீரங்கி வார்க்க மீர் ஜும்லா முயன்றதைப் பிரெஞ்சுப் பயணி தவர்னியே எழுதியிருக்கிறார். கோயில்கள் துன்பப்பட்டன, அந்த வலி உண்மையானது. ஆனால் போரின் நோக்கம் அதுவாக இருந்திருந்தால் திருமலைக்குத்தான் முதல் அடி விழுந்திருக்க வேண்டும். சந்திரகிரியின் அரசர்கள் தங்கள் குலதெய்வமாகக் கொண்டாடிய மலை அது. நாணயத்திலும் சாசனக் கையொப்பத்திலும் அவர்கள் வைத்த பெயர் அந்த இறைவனுடையது. மலைக்கோயிலின் பூசை நிற்கவில்லை. கோல்கொண்டாவுக்கும் பிறகு ஆற்காட்டு நவாபுகளுக்கும் அந்தக் கோயில் வருமானம் தரும் இடம். அழிப்பதைவிட வசூலிப்பது அவர்களுக்கு அவசியமாக இருந்தது. கப்பம் கட்ட வேண்டியவனின் கணக்கு அது. உடை, கட்டடம், அரசவைப் பழக்கம் இவற்றில் இரு தரப்பும் அந்நியர்களும் அல்லர். சந்திரகிரி ராஜமஹாலின் வளைவுகளை ஐதராபாத் கட்டடங்களோடு வைத்துப் பாருங்கள். திருமலையில் கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயர் செப்புச்சிலையின் உயரமான குல்லாயைப் பாருங்கள். ஸ்ரீரங்கரே பின்னாளில், தன்னை வீழ்த்தியவர்களின் மேலரசரான ஷாஜகானிடம் உதவி கேட்டுத் தூது அனுப்பினார்.

அந்தத் தூது அனுப்பப்பட்ட நேரத்தில் இன்னொரு விசித்திரமும் விளைந்திருந்தது. 1650-இல் கண்டிகோட்டையும் மீர் ஜும்லாவின் கையில். முந்நூறு மைல் நீளமும் ஐம்பது மைல் அகலமும் கொண்ட நிலம், ஆண்டுக்கு நாற்பது லட்சம் ரூபாய் வருமானம், வைரச் சுரங்கங்கள், தன் சொந்தச் செலவில் ஐயாயிரம் குதிரைப்படை, இருபதாயிரம் காலாட்படை. இத்தனையும் கோல்கொண்டா சுல்தானின் பெயரால் வென்றவை. ஆனால் சுல்தானின் கஜானாவுக்குப் போகாதவை. 1649-இல் பாரசீகம் மீண்டும் எழுந்து காந்தகாரைத் திரும்பப் பிடித்துவிட்டது. புதிய ஷாவோடு மீர் ஜும்லாவுக்குக் கடிதப் போக்குவரத்தும் இருந்தது. கோல்கொண்டாவில் அப்துல்லா பொறாமையோடும் பயத்தோடும் தன் ஊழியரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தௌலதாபாத்தில் ஔரங்கசீப், வராகன் விலையின் பாக்கிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். மைசூரிலும் இக்கேரியிலும் ஒதுங்கிய ஸ்ரீரங்கர், இந்த மூவரும் மோதிக்கொள்ளும் நாளுக்குக் காத்திருந்தார்.

சந்திரகிரியை வென்ற மனிதர் இப்போது யாருக்குத் தலைவணங்குவார்? இஸ்பஹானுக்கா, கோல்கொண்டாவுக்கா, டெல்லிக்கா? அல்லது, ஸ்ரீரங்கர் விட்டுச்சென்ற இடத்தில் அவரே அரசராக அமர்ந்துவிடுவாரா?

(அடுத்த வாரம் தொடரும்)